வாங்கும் நிலமும்: தீவகப் பெண்களின் படிப்பும் தொழிலும்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் படங்கள் இருக்கும். பரிசு பெற்றோர் பட்டியல் இருக்கும். வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் பல நாடுகளில் விளங்கும் பழைய மாணவிகளின் பெயர்கள் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், இம்மலரிலும் அவை உண்டு. நயினாதீவிலிருந்து வந்து இப்பாடசாலை விடுதியில் தங்கிப் படித்த எங்களில் சிலரிடம் மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, அம்மன் கோயிலைப் பற்றியும் கடலைப் பற்றியும் எழுதித் தருவோம் என்று நினைத்திருப்பார்கள். அவற்றை எழுத எம்மைவிடத் தகுந்தவர்கள் பலர் உளர். தீவகத்தில் யார் எந்த வேலைக்குப் போகலாம், யார் போகக்கூடாது என்பதை எது தீர்மானித்தது, அதில் பள்ளிக்கூடம் எதை மாற்றியது, எதை மாற்றாமல் விட்டது என்பதை எழுதவே நாம் விரும்பினோம்.

இதை எழுதும் நாம் நால்வரும் ஒரே குறிச்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒருவரின் தகப்பனார் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார். ஒருவரின் தாயார் பாயும் கடகமும் இழைத்து விற்றவர். ஒருவரின் பேத்தியார் தீவில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி. நாலாமவரின் வீட்டார் கடற்றொழிலாளர். விடுதியில் ஒரே மேசையில் சாப்பிட்டோம். விடுமுறைக்குத் தீவுக்குப் போனால் நால்வரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியதில்லை. அந்த இடைவெளியின் வரலாறுதான் இக்கட்டுரை.

நயினாதீவு நான்கு சதுர கிலோமீற்றர் சொச்சம் பரப்புள்ள சிறு நிலம். இதனையே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என்று தீவார் நம்புவர். வேறு இடம் சொல்லும் ஆய்வாளரும் உண்டு. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கதையின் ஒரு பகுதியைப் பள்ளியில் எமக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. மணிமேகலை குலத்தொழிலை மறுத்த பெண். பாட்டி சித்திராபதி அவளைக் கணிகையர் தொழிலுக்கு இழுக்கிறாள். ஊரும் அரசகுமாரனும் அதையே எதிர்பார்க்கிறார்கள். அவள் மறுக்கிறாள். மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் அவள் பெறும் அமுதசுரபி, அதற்கு முன் ஆபுத்திரன் கையில் இருந்த பாத்திரம். அவனோ பிறப்பின் பெயரால் ஊராரால் விலக்கப்பட்டவன். தாயின் தொழிலை ஏற்க மறுத்தவள் கைக்கு, பிறப்புக்காகத் தள்ளப்பட்டவனின் பாத்திரம் வந்து சேர்கிறது. இன்று எமது அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றுதான் பெயர். பெயரை எடுத்துக்கொண்டோம். குலத்தொழில் பற்றிய பகுதியைக் காப்பியத்திலேயே விட்டுவிட்டோம்.

தீவின் எழுத்துச் சான்றுகளில் பழையது முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அது துறைமுக விதிகளைச் சொல்கிறது. பிறநாட்டார் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. யானைக்கும் குதிரைக்கும் சரக்குக்கும் கணக்கு உண்டு; கரைசேர்த்த கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல்வெட்டுகளின் வழக்கம் அது. பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் எமது கடலின் சங்கைக் குத்தகைக்கு விட்டார்கள். சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள பெண்களின் கைவளையலாயிற்று. அதைக் குளித்து எடுத்தவர்களின் வீட்டுப் பெண்கள் வளையல் அணியலாமா என்பதை இங்கே சாதி தீர்மானித்தது.

அந்தச் சட்டதிட்டங்களை ஒல்லாந்தர் காலத்துத் தேசவழமையில் காணலாம். 1707இல் தொகுக்கப்பட்ட அந்நூலைச் சீதனமும் முதுசமும் பற்றிய நூலாகவே நம்மவர் அறிவர். அடிமைகளைப் பற்றிய பகுதியும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் யாழ்ப்பாணத்தில் சட்டப்படி அடிமைகளாக இருந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் அப்படியே. 1821இல் ஆங்கில அரசு ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தது. இனிப் பிறக்கும் அடிமைப் பெண் குழந்தைகளை உடைமையாளரிடமிருந்து விலைகொடுத்து விடுவிப்பது என்பதே அது. ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று றிக்ஸ் டொலர். கோவியக் குழந்தைக்கு விலை சற்றுக் கூட. தாயின் நிலை பிள்ளைக்கு வருமாதலால், பெண்ணை விடுவித்தால் அடுத்த தலைமுறை தானாகவே விடுதலை பெறும் என்ற கணக்கு. ஆண் குழந்தைக்கு இந்தச் சலுகை இல்லை. எமது வரலாற்றில் பெண் பிள்ளைக்கு முதலிடம் கிடைத்த மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று என்று எம்மில் ஒருவர் கசப்போடு சொல்வதுண்டு. விடுதலைக்கே சாதிவாரியாக விலைப்பட்டியல் இருந்தது என்பதை யோசிக்கையில் அந்தக் கசப்பும் போதாது. 1844இல் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது.

சட்டம் போனது; தொழில் போகவில்லை. கள்ளிறக்குபவர், துணி வெளுப்பவர், முடி வெட்டுபவர், பறை அடிப்பவர், பிணத்துக்கு வேலை செய்பவர் என ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு குடிக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கூலி பணமாகக் கிடைப்பது அரிது. நெல்லாகவும் தேங்காயாகவும் சேலையாகவும் கிடைக்கும். கிடைக்காத வருடமும் உண்டு. வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேட முடியாது என்பதே இதன் சாரம். குடிமை என்று நல்ல பெயர் வைத்திருந்தோம். சந்தையில் கூலிக்குப் பேரம் பேசுகிறவனாவது 'கட்டாது' என்று சொல்லி எழுந்து போகலாம். குடிமைக்காரனால் அதுவும் முடியாது.

பெண்கள் பக்கம் இது இன்னும் இறுக்கமானது. கட்டாடி வீட்டுப் பெண் மற்றவர் வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையானால் மாற்றுச் சேலை கொண்டுவந்து, துடக்குத் துணியை எடுத்துப்போய் வெளுக்க வேண்டும். வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் துடக்குச் சேலையைத் தன் தாய் எடுத்துச் செல்வதைக் காணும் மாணவியின் நிலை எப்படியிருக்கும்? அப்படியான பிள்ளைகள் எல்லாப் பாடசாலைகளிலும் இருந்தார்கள். அவர்கள் அடுத்த தவணைக்கு வராமல் நின்றதற்கு ஆசிரியர்கள் இடாப்பில் எழுதிய காரணம் 'வறுமை' என்பதாகவே இருக்கும். ஆண்கள் பக்கத்தில் இந்தத் தொழில்கள் மெல்ல மெல்லக் கடைகளாயின. முடிவெட்டுதல் சலூன் ஆயிற்று; சங்கம் வந்தது; விலைப்பலகை தொங்கிற்று. வீடுவீடாக வாவென்று இனிக் கூப்பிட முடியாது. துணி வெளுத்தல் லோன்றி ஆயிற்று. பெண்கள் செய்த துடக்கு வேலைக்குக் கடை வைக்க முடியாது. அது மற்றவர் வீட்டின் பின்வளவிலேயே நின்றுவிட்டது. ஒரே சாதிக்குள்ளேயே ஆணுக்குத் திறந்த வாசல் பெண்ணுக்குத் திறக்கவில்லை என்பதை எமது வரலாற்றாசிரியர்கள் அதிகம் எழுதவில்லை. டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் தம் சமூகத்தின் வாழ்வைத் தாமே எழுதினார்கள். 'பஞ்சமர்' வெளிவந்து ஐம்பதாண்டுகளுக்கு மேலாகிறது. அதே வீடுகளின் பெண்கள் தம் கையால் எழுதியது மிக அரிதாகவே எமக்குக் கிடைக்கிறது.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியை 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலிருந்து கணக்கிடுவது வழக்கம். ஆசியாவிலேயே மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் அதுவும் ஒன்று. பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் தயங்கினர். உணவும் உடையும் கொடுத்து, படிப்பு முடிந்து கிறிஸ்தவரை மணந்தால் சீதனமும் கொடுத்துத்தான் மிஷனார் பெண்பிள்ளைகளைச் சேர்த்தனர். படிப்பைவிடச் சீதனம்தான் பெற்றோரை இளக்கியது என்று ஊகிக்கலாம். யாழ்ப்பாணத்தில் இன்றும் அந்த ஒழுங்கு பெரிதாக மாறிவிடவில்லை. 1834இல் வேம்படி, 1896இல் சுண்டிக்குளி என நகரத்தில் பெண்கள் பாடசாலைகள் எழுந்தன. சைவப் பெண்பிள்ளைகளுக்கென 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் கல்லூரி அமைத்தார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்துபோட் இராசரத்தினம் அவர்களின் பெருமுயற்சியால், கிராமங்களெங்கும் பாடசாலைகளை நடத்தியது. இவை அனைத்துக்கும் எமது இனம் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் பாடசாலைக்குள் யார் எங்கே இருப்பது என்ற கேள்வி இருந்தது. வாங்கில் சிலர் இருந்தனர். நிலத்தில் சிலர் இருந்தனர். சில இடங்களில் வெளித்திண்ணையில் இருந்தனர். அரசாங்க உதவிப் பணம் பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை 1920களின் இறுதியில் வந்தபோது குடாநாடு கொதித்தது. மனுக்கள் பறந்தன, பிள்ளைகளை மறித்தார்கள். 1930ஐ ஒட்டிய காலத்தில் பல பள்ளிக்கூடங்கள் இரவோடிரவாக எரிக்கப்பட்டன. ஓலைக்கூரைக்குத் தீ வைப்பது எளிது. யாழ்ப்பாணத்தார் கல்விமான்கள் என்று பெருமை பேசும் போதெல்லாம், ஒரு பிள்ளை வாங்கில் இருந்ததற்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தியவர்களும் யாழ்ப்பாணத்தார்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எமது சங்கம் பிறந்த தசாப்தத்தை ஒட்டித்தான் இவை நடந்தன. நூறாண்டு வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் வர வேண்டிய செய்தி இது.

அதே காலத்தில் மறுபக்கமும் இருந்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், சமபோசனத்தையும் சம ஆசனத்தையும் தன் கொள்கையாக வைத்தது. அவர்கள் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். இராமநாதன் கல்லூரி மாணவிகளிடமும் பேசினார். தீண்டாமையைப் பற்றிப் போகுமிடமெல்லாம் சொன்னார். கூட்டம் கைதட்டியது. மூன்று வருடத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன.

இராமநாதனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்கல்விக்கு அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது. அதே பெரியார் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். கீழ்ச்சாதியாருக்கும் வாக்கா என்ற அச்சம் அதில் பெரும்பங்கு வகித்தது. டொனமூர் ஆணைக்குழு முதலில் பெண்களுக்கு முப்பது வயதில் வாக்கு என்றது. பின்னர் 1931இல் இருபத்தொரு வயதான ஆண் பெண் அனைவருக்கும் கிடைத்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும், ஊர்காவற்றுறை உட்பட, முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தன. ஆகையால் எமது பேத்தியார் முதன்முதல் வாக்களிக்க 1934 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்லூரி கட்டியவரே கல்லூரிக்கு வெளியில் நின்றவருக்கு வாக்கு வேண்டாம் என்றார். ஒருவருக்குள் இரண்டும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் இரண்டும் இருந்தன.

1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. இம்மூன்றும் சேர்ந்துதான் எம்மில் இருவரை விடுதிக்குக் கொண்டுவந்தன என்று தயங்காமல் சொல்வோம். தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் போராட்டம் அதற்குப் பிறகும் நடந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து முற்றவெளிக்கு ஊர்வலம் போனது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் பலநாள் போராட்டம். அந்த வருடங்களில் சீருடை அணிந்து அருகருகே நடந்த மாணவிகள், கோயில் வீதி வந்ததும் பிரிந்து நடந்தார்கள்.

இனி உத்தியோகம். எமது தாய்மாரின் காலத்தில் படித்த பெண்ணுக்கு ஏற்ற தொழில் என்று ஊர் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஆசிரியத் தொழில். ரீச்சர் என்றால் கலியாணத்திலும் மதிப்பு. தாதித் தொழில் அப்படியில்லை. இணுவிலில் பெண்களுக்கான மக்லியோட் ஆஸ்பத்திரி 1898இலேயே தொடங்கியது. அங்கு தாதியருக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. ஆனால் நேர்ஸ் வேலைக்கு மகளை அனுப்பப் பல வீடுகள் தயங்கின. இரவு வேலை, அந்நிய ஆடவர் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் வேறு. உடலைத் தொடுவதும் இரத்தத்தையும் மலத்தையும் துடைப்பதும் இன்னொரு சாதியின் வேலை என்று ஆயிரம் ஆண்டுகளாக நினைத்திருந்தோம். பிள்ளைப்பேறு பார்ப்பது பெரும்பாலும் முடிவெட்டும் குடியைச் சேர்ந்த பெண்களின் வேலை.

இங்கே ஒரு திருப்பம் நடந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபின், நாடெங்கும் பயிற்றப்பட்ட மருத்துவமாதர் நியமிக்கப்பட்டனர். சம்பளம், ஓய்வூதியம், வெள்ளைச் சேலை, கையில் பெட்டி. முன்பு துடக்கு என்று ஒதுக்கிய அதே வேலை இப்போது அரசாங்க உத்தியோகம். ஆனால் அதற்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தவரின் மகளுக்குப் பள்ளியில் வாங்கு கிடைத்ததே அண்மையில்தான். ஆகையால் சான்றிதழ் உள்ள வேறு வீட்டுப் பெண் அந்த வேலைக்கு வந்தாள். மருத்துவிச்சிக் கிழவிக்கு ஓய்வூதியம் இல்லை; கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். சிசு மரணமும் தாய் மரணமும் குறைந்ததில் பயிற்றப்பட்ட மருத்துவமாதரின் பங்கு மிகப் பெரியது; அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலைக்கு அவமானம் இருந்தவரை அது ஒரு சாதியின் கடமையாக இருந்தது. அதற்குச் சம்பளம் வந்ததும் அது எல்லோருக்கும் பொதுவாயிற்று. எங்களில் ஒருவரின் பேத்தியார் தீவில் எத்தனை பிள்ளைகளின் தொப்புள்கொடி அறுத்தார் என்பதற்குக் கணக்கில்லை. அந்தப் பிள்ளைகள் பலர் பின்னாளில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். 'ஆச்சி' என்றோ 'அம்மா' என்றோ கூப்பிட்டவர் சிலரே.

தீவாருக்கு இன்னொரு தளையும் உண்டு. குடாநாட்டாருக்கு நாம் 'தீவார்'. நல்ல சாதிக்காரர் என்று தீவில் நெஞ்சை நிமிர்த்துபவரும் பண்ணைப் பாலம் தாண்டியதும் அந்தச் சொல்லில் கொஞ்சம் குறுகிப்போவார். தீவில் பெண் எடுப்பதில்லை என்ற குடும்பங்கள் இருந்தன. ஆசிரியர்களுக்கு எமது பாடசாலைகள் 'கஷ்டப் பிரதேசம்'. வந்தவர்கள் இடமாற்றத்துக்கு நாள் எண்ணினர். ஆண்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து உழைத்தார்கள். கடைப்பொடியனாகப் போனவன் முதலாளியாகத் திரும்பிய கதைகள் எல்லாத் தீவிலும் உண்டு. அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளையில் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. பெண்ணுக்கு அந்த வழி இல்லை. கடைப்பெண் என்ற சொல்லே எமது மொழியில் அப்போது இல்லை.

1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று அதைப் பற்றி ஏராளம் எழுதப்பட்டுவிட்டது; சரியாகவே எழுதப்பட்டது. தீவகத்து நியாயம் ஒன்று அதற்குள் மறைந்து கிடக்கிறது. 1974இல் மாவட்ட அடிப்படை வந்தபோது யாழ்ப்பாண மாவட்டம் கல்வியில் முன்னேறிய மாவட்டம் என்று கணிக்கப்பட்டது. ஆய்வுகூடமே இல்லாத தீவுப் பாடசாலைப் பிள்ளை, நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளைகளோடு அதே பங்குக்குப் போட்டியிட வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைக்கு இரண்டு கதவுகளும் அடைபட்டன: கொழும்பு அடைத்தது ஒன்று, யாழ்ப்பாண நகரம் அறியாமலே அடைத்தது மற்றொன்று. எம்மில் விஞ்ஞானம் படிக்க விரும்பியவர் கலைப்பிரிவுக்குப் போய், பின் ஆசிரியரானது இவ்வாறுதான்.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறோம். நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டதை எமது கடல் மறக்காது. 1990, 91இல் தீவகம் பெரும்பாலும் வெறிச்சோடியது. போக வழி இருந்தவர் போனார்கள். கொழும்பில் உறவு, வெளிநாட்டில் பிள்ளை, விற்க நகை உள்ளவர்கள் முதலில் போனார்கள். நலன்புரி முகாம்களில் வருடக்கணக்காகத் தங்கியவர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் மிகக் கூடுதலாக இருந்ததை யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்துள்ளனர். சொந்தக் காணி இல்லாதவர் திரும்பிப் போக இடமேது? குண்டு சாதி பார்த்து விழவில்லை. ஆனால் ஓடுவதற்கான வசதி சாதி பார்த்தே அமைந்திருந்தது.

வெளிநாட்டில் உள்ள எமது தோழியரே, உங்கள் கதை இதில் ஒரு தனி அத்தியாயம். சுவிற்சர்லாந்துக்கு எண்பதுகளில் போன எம்மவர் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் நின்றார்கள். ஊரில் தம் வீட்டு முற்றத்தைத் தாமே கூட்டியிராத பெண்கள் அங்கே அலுவலகங்களைக் கூட்டினார்கள். முதியோர் இல்லங்களில் முதியவரைக் குளிப்பாட்டினார்கள். ஊரில் நேர்ஸ் வேலை கூடாது என்ற அதே குடும்பங்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மகள் நேர்ஸ் என்று பெருமைப்படுகின்றன. வேலையின் தீட்டு விமானத்தில் ஏறவில்லை என்பது நல்ல செய்தி. கலியாணப் பேச்சு வரும்போது 'ஊரில் எவடம்?' என்ற கேள்வி மட்டும் ஏறிவிட்டது. எவடம் என்று கேட்பது ஊரை அறிய அல்ல, குறிச்சியை அறிய என்பது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் தெரியும்.

ஊரில் இன்றைய நிலை என்ன? இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகுவோரில் பெண்களே பெரும்பான்மை. பாடசாலை ஆசிரியரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். ஆனால் வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றிலொருவர் அளவினரே உழைக்கும் படையில் இருக்கிறார்கள். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. எமது வெங்காயத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாட்கூலி, பெண்ணுக்கு ஒரு நாட்கூலி என்பது இன்னும் வழக்கில் உள்ளது. ஆணின் வேலை கொத்துவது, பெண்ணின் வேலை நடுவதும் பிடுங்குவதும் என்று பிரித்துவிட்டால், வேலை வேறு ஆகையால் கூலியும் வேறு என்று சொல்லிவிடலாம். முதுகு நோவு ஒன்றுதான்.

தேசவழமைச் சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வங்கியில் கடன் எடுத்துச் சிறு தொழில் தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு இது ஒரு பூட்டு. கணவன் காணாமற்போனவராகவோ பிரிந்துபோனவராகவோ இருந்தால் சம்மதத்துக்கு நீதிமன்றப் படி ஏற வேண்டும். போருக்குப் பிந்திய தீவகத்தில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை என்பதை ஊரில் உள்ளோர் அறிவர். சீதனம் பெண்ணின் சொத்து என்று மேடையில் பேசுவோர், அந்தச் சொத்தின் திறப்பு யார் மடியில் இருக்கிறது என்று சொல்வதில்லை.

இத்தனையும் எழுதியபின் எமது வகுப்பு இடாப்புகளைப் பற்றி ஒரு செய்தி. ஒவ்வொரு வருட இடாப்பிலும் பெயருக்கு நேரே 'விலகினார்' என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் உண்டு. எட்டாம் வகுப்பில் விலகியவர்கள், பெரியபிள்ளையாகி நின்றவர்கள், தகப்பன் கடலுக்குப் போய் வராததால் நின்றவர்கள். எமது சங்கத்தின் கூட்டங்களுக்கு அவர்கள் வருவதில்லை; பழைய மாணவி என்றால் படித்து முடித்தவர், உத்தியோகம் பார்ப்பவர், சேலை கட்டிக் காரில் வந்து இறங்குபவர் என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாங்களும் நினைத்துப் பழகிவிட்டோம். சங்க யாப்பில் அப்படி ஒன்றும் இல்லை. இப்பாடசாலையில் ஒரு வருடமேனும் கற்றவர் அங்கத்தவராகலாம் என்றே இருக்கிறது.

சென்ற தவணை விடுமுறையில் எம்மில் இருவர் நயினாதீவிலும் புங்குடுதீவிலும் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போனோம். ஒருவர் இறங்குதுறைக்குக் கிட்டக் கச்சான் விற்கிறார். குறிகட்டுவானிலிருந்து லோஞ்சில் வந்து இறங்குவோரே அவருக்கு வாடிக்கை. ஒருவர் இன்னமும் பனையோலையில் பெட்டி இழைக்கிறார். கொழும்பிலிருந்து வரும் வியாபாரி மொத்தமாக எடுத்துப்போகிறார், என்ன விலைக்கு விற்கிறார் என்பது இவருக்குத் தெரியாது. ஒருவருக்குப் பாடசாலைக் கீதம் முழுவதும் நினைவிருந்தது. அங்கத்துவப் படிவம் கொடுத்தபோது 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மூவரும் கேட்டனர். செய்வதையே எழுதுங்கள் என்றோம். படிவங்கள் செயலாளரிடம் சேர்ப்பிக்கப்பட்டுள்ளன.